கஷ்டமா வந்தா கும்பிடு போடுங்க!

சீட்டு எடுத்த பணத்தைக் கட்டி ஜி.ஆர்.இ. எழுதினேன். முப்பது தாண்டிய பி.காம். பட்டதாரிக்கு எதற்கய்யா அமெரிக்கப் பரீட்சை என்கிறீர்களா? அங்கே எம்.பி.ஏ. கல்லூரிகள் பலவும் இந்த மார்க்கை ஏற்றுக்கொள்கின்றன. ஆசை யாரை விட்டது!

கணக்கில் ரெண்டு செட். முதலாவது 12 கேள்வி, 21 நிமிஷம். அல்வா மாதிரி உள்ளே போயிற்று. அடுத்தது 15 கேள்வி, 26 நிமிஷம். முதல் கேள்வியே முறைத்தது. ரெண்டாவது அதைவிட! ஏ.ஸி. அறையில் வேர்த்தது. 'சீட்டுப் பணம் அம்போ' என்று மனசொடிந்து, கடைசி நாலு கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டேன். அப்படியும் முடிவில் திரை காட்டிய மார்க் 158. எப்படி?

சித்தி பையனிடம் கேட்டேன். ஏற்கெனவே எழுதியவன்.

"ரெண்டாவது செட் கஷ்டமாண்ணே? சூப்பர்! முதல் செட்டுல பின்னியிருக்கீங்க!"

முதல் செட் நடுத்தரமாக இருக்குமாம். அதில் நாம் போடுகிற போட்டைப் பார்த்து கம்ப்யூட்டர் அடுத்த செட்டை எடுத்து நீட்டுமாம். நன்றாகப் போட்டவனுக்குக் கஷ்டம், சொதப்பியவனுக்குச் சுலபம். (2011-ல் மாற்றும்வரை ஒவ்வொரு கேள்விக்கும் இந்தக் கூத்து. போட்ட விடையைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. இப்போது செட்டுக்குள் முன்னே பின்னே போகலாம்.)

"அதெல்லாம் சரிடா, பத்து சரின்னா பத்து மார்க். டேலி ஆகணும்ல?" என்றது என் பி.காம். மூளை.

"ஒரு செட்டுக்குள்ள எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்புதாண்ணே. மொத்தம் 27-க்கு எத்தனை சரின்னு எண்ணுவாங்க. அப்புறம் உங்களுக்கு வந்தது எந்த செட்டுன்னு பார்த்து, 130-லேர்ந்து 170-க்குள்ள ஒரு மார்க்கா மாத்துவாங்க. ரெண்டு பேருக்கும் 18 சரின்னாலும் கஷ்டமான செட் வாங்கினவனுக்குக் கூடத்தான் வரும்."

தெரு மேட்ச்சில் அடித்த ஐம்பதும் சேப்பாக்கத்தில் அடித்த ஐம்பதும் ஒன்றா? புரிந்தது. பயத்தில் நடுங்கிய அந்த இருபத்தாறு நிமிஷமும் நியாயமாக நான் விசிலடித்திருக்க வேண்டும்.

"கடைசி நாலுக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலை. தப்பானா மைனஸ் போடுவாங்களேன்னு..."

தலையில் அடித்துக்கொண்டான். ஜி.ஆர்.இ.யில் தப்பு விடைக்கு மார்க் குறைப்பதே கிடையாதாம்! கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருந்தால்கூட ஒன்றாவது விழுந்திருக்கலாம்.

நான் குறி வைத்திருந்தது 160.

மறுபடி எழுத 21 நாள் இடைவெளி விட வேண்டும். அது பிரச்னையில்லை. அடுத்த சீட்டு எப்போது விழும் என்றுதான் தெரியவில்லை.