சிறு பங்கு வாயுக்களில் தங்கியுள்ள பூமியின் வாழ்வு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியின் நீளம் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். அதே தூரத்தை நேர் மேலாகக் கடக்க இயலுமாயின், பயணம் முடிவதற்கு முன்னரே விண்வெளியின் எல்லையைத் தாண்டியிருப்போம். 100 கிலோமீற்றர் உயரமே விண்வெளியின் தொடக்கமெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வளிமண்டலத்தின் மொத்தத் திணிவில் அரைவாசியோ தரையிலிருந்து ஐந்தரைக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. இம்மெல்லிய போர்வையின் இயல்பை அறிந்துகொள்வது மாணவர்களுக்கு மட்டுமன்றி, அதன் பேறுபேறுகளை அனுபவிக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் அவசியமானதாகும்.

உலர்ந்த வளியில் நைதரசன் 78.08 வீதமும், ஒட்சிசன் 20.95 வீதமும், ஆகன் 0.93 வீதமும் உள்ளன. இம்மூன்றையும் கூட்டினால் 99.96 வீதம் வந்துவிடுகிறது. எஞ்சியுள்ள 0.04 வீதத்தினுள்தான் காபனீரொட்சைட்டு, மெதேன், ஓசோன் முதலியன அடங்குகின்றன. இவற்றைவிட, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுபடும் நீராவியும் உண்டு. ஈரலிப்பான பிரதேசங்களில் அது 4 வீதம் வரை உயரக்கூடும்.

பெரும்பான்மையாக உள்ள மூன்று வாயுக்களும் பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. அவற்றை உறிஞ்சி மீண்டும் தரைக்கு அனுப்புபவை நீராவியும் காபனீரொட்சைட்டும் ஏனைய சிறு பங்கு வாயுக்களுமே. இவை இல்லாதிருப்பின் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 பாகை செல்சியஸாக அன்றி, உறைநிலைக்குக் கீழ் 18 பாகையாக இருந்திருக்கும். கடல்கள் உறைந்துபோயிருக்கும். அளவில் சிறியது ஆற்றலிலும் சிறியதாக இருக்கும் என்ற எண்ணம் இங்கு பொருந்தாது.

வளிமண்டலத்தை அடுக்குகளாகப் பிரிப்பதற்கு அடிப்படையாக அமைவது வெப்பநிலையே. சூரியனால் வெப்பமடைந்த தரை, தன்மீதுள்ள வளியைக் கீழிருந்து சூடாக்குகிறது. எனவே முதலாவது அடுக்காகிய மாறன் மண்டலத்தில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சராசரியாக ஆறரைப் பாகை வீதம் வெப்பநிலை குறைகிறது. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா, கொழும்பை விட ஏறத்தாழ 12 பாகை குளிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். முகில், மழை, இடி, சூறாவளி யாவும் இவ்வடுக்கிலேயே நிகழ்கின்றன. துருவங்களில் 8 கிலோமீற்றர் அளவில் முடியும் இம்மண்டலம், இலங்கை போன்ற மத்திய கோட்டுக்கு அண்மித்த நாடுகளில் 16 கிலோமீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது.

மேலே செல்லச் செல்லக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் கருதினர். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி தெசரன் து போர், கருவிகள் பொருத்திய பலூன்களைப் பலமுறை அனுப்பி ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுகிறது என 1902 இல் அறிவித்தார். அவ்வாறு கண்டறியப்பட்டதே படை மண்டலம். சுமார் 50 கிலோமீற்றர் வரை பரந்துள்ள இவ்வடுக்கில், உயரம் கூடும்போது வெப்பநிலையும் கூடுகிறது. அங்குள்ள ஓசோன் சூரியனின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சுவதே இதன் காரணமாகும். அதற்கு மேல் சுமார் 85 கிலோமீற்றர் வரை, பெரும்பாலான எரிகற்கள் எரிந்து சாம்பராகும் இடை மண்டலமும், அதற்கப்பால் வெப்ப மண்டலமும், இறுதியில் விண்வெளியோடு கலந்துவிடும் புற மண்டலமும் உள்ளன. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில், வெப்ப மண்டலத்தினூடாகவே பூமியைச் சுற்றி வருகிறது.

படை மண்டலம் குறித்து மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த வளி கீழும் சூடான வளி மேலும் இருப்பதால், அங்கு வளி மேலும் கீழுமாகக் கலப்பது மிக அரிது. மழையும் இல்லை. கீழடுக்கில் சில நாட்களிலோ வாரங்களிலோ மழையால் கழுவப்படும் மாசு, அங்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. 1991 இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை உமிழ்ந்த கந்தகத் துணிக்கைகள் அங்கு பரவி, உலகின் சராசரி வெப்பநிலையைத் தற்காலிகமாக ஏறத்தாழ அரைப் பாகை குறைத்தன.

குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்படுத்தப்பட்ட குளோரோபுளோரோ காபன்களும் இவ்வாறே மேலே சென்று தங்கின. அவற்றிலிருந்து பிரியும் குளோரீன் ஓசோனை அழிக்குமென மொலினா, றோலண்ட் ஆகியோர் 1974 இல் எச்சரித்தனர். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். வளிமண்டலத்திலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அமுக்கத்துக்குக் கொண்டுவந்தால் அதன் தடிப்பு வெறும் 3 மில்லிமீற்றரே. தோற் புற்றுநோயிலிருந்தும் கண்புரையிலிருந்தும் நம்மைப் பெருமளவு காப்பது அதுதான். உலக நாடுகள் 1987 இல் மொன்றியல் உடன்படிக்கையை ஏற்படுத்தின. இலங்கை 1989 இல் அதில் இணைந்துகொண்டது. அதன் பயனாக, இன்றைய கொள்கைகள் தொடருமாயின் அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 2066 ஆம் ஆண்டளவில் 1980 இன் நிலையை எட்டுமென விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர்.

காபனீரொட்சைட்டு விடயத்தில் நிலைமை வேறு. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளியின் பத்து இலட்சம் பங்குகளில் சுமார் 280 ஆக இருந்த இவ்வாயு, 1958 இல் 315 ஆகவும், 2024 இல் 420 க்கு மேலாகவும் உயர்ந்துவிட்டது. வெப்ப அதிகரிப்புக்குச் சூரியனே காரணம் என வாதிடுவோர் இன்றும் உள்ளனர். அதற்கான விடையை வளிமண்டலத்தின் அடுக்குகளே தருகின்றன. சூரியன் காரணமாயின் எல்லா அடுக்குகளும் வெப்பமடைந்திருக்க வேண்டும். ஆனால் கீழடுக்கு வெப்பமடைய, படை மண்டலம் குளிர்ந்து வருகிறது. காபனீரொட்சைட்டு பெருகினால் இவ்வாறே நிகழுமென மனபேயும் வெதரால்டும் 1967 இலேயே கணித்துக் கூறினர். மனபேக்கு 2021 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

ஓசோனைக் காப்பது ஒப்பீட்டளவில் இலகுவாயிற்று. தீங்கான பொருளை உற்பத்தி செய்தோர் சிலரே; மாற்றுப் பொருட்களும் கிடைத்தன. எரிபொருளோ ஒவ்வொரு வீட்டிலும் வீதியிலும் தொழிற்சாலையிலும் எரிகிறது. இதில் பெரும் பங்கு வகித்த செல்வந்த நாடுகள் பெரும் பொறுப்பை ஏற்பதே நியாயம். அதேவேளை, இலங்கை போன்ற சிறிய நாடுகள் தமது பங்கு சொற்பம் எனக் கூறி வாளாவிருத்தலும் தகாது. வெள்ளமும் வரட்சியும் வரும்போது அவை நாட்டின் அளவைப் பார்த்து வருவதில்லை. சொற்பமானவை எதனைச் சாதிக்கும் என்பதற்கு, நமது வளியிலுள்ள 0.04 வீதத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை.