ஆடியவர் அமர்ந்த நாற்காலி: அன்றும் இன்றும்

1983ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு நாற்காலி காலியானது. நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக்கின் தலைமை நாற்காலி அது. அதில் இருந்த கெவின் ஹம்ப்ரிஸ், பால்மெய்ன் அணியின் முன்னாள் ஆட்டக்காரர். கிளப் பணத்தில் கைவைத்ததாக அவர்மேல் இருந்த வழக்கு நீதிமன்றத்தில் எப்படி ஒன்றுமில்லாமல் போனது என்பதை ஏப்ரல் 30 அன்று ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சி கிளறியது. அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. அந்த வழக்கில் தலையிட்ட, தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த மர்ரே ஃபார்குவர் கடைசியில் சிறைக்கே போனார். நிகழ்ச்சியின் செய்தியாளர் கிறிஸ் மாஸ்டர்ஸின் அண்ணன் ராய் மாஸ்டர்ஸ், அதே லீக்கில் ஓர் அணியின் பயிற்சியாளர். சிட்னி ரக்பி லீக் அந்த அளவுக்குச் சின்ன உலகம்.

ஹம்ப்ரிஸ் போன இடத்துக்கு வந்தவர்களும் மைதானத்திலிருந்தே வந்தார்கள். தலைவரான கென் ஆர்தர்சன், மேன்லி அணிக்கு ஆடியவர். பொது மேலாளரான ஜான் குவேல், ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்கும் பாராமாட்டாவுக்கும் ஆடி, 1975 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் சட்டையும் போட்டவர். ஆடியவர்களே ஆட்டத்தை ஆள்வது அன்று யாருக்கும் வியப்பாக இல்லை. இன்று அந்த உச்சியில் இருக்கும் இருவரும் பெரிய ஆட்டம் எதிலும் ஆடியவர்கள் இல்லை. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைக் குவேலின் வாழ்க்கையை வைத்தே சொல்லிவிடலாம்.

அவர் ஆடிய காலத்தைப் பார்ப்போம். ரக்பி லீக்கில் பக்கத்துக்கு 13 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனை எதிரணி பிடித்து மடக்கவேண்டும்; நம் கபடியில் பாடிவருபவனை அமுக்குவதுபோலத்தான், ஆனால் பிடிபட்டவன் வெளியே போவதில்லை, எழுந்து மறுபடி ஆட்டத்தைத் தொடங்குகிறான். இப்படி எத்தனை முறை மடக்கப்பட்டாலும் பந்து அதே அணியிடம் இருக்கலாம் என்பதுதான் 1966 வரை விதி. 1967இல் நான்கு மடக்கல் (டேக்கிள்) என்று வரம்பு வந்தது, 1971இல் அது ஆறானது. குவேல் இந்த மாற்றங்களுக்கு நடுவில் ஆடிய தலைமுறை. ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போனார்கள், மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள், வார இறுதியில் ஆடினார்கள். கிளப்புக்குப் பணம் வந்த வழி வேறு. 1956 முதல் நியூ சவுத் வேல்ஸ் கிளப்புகளில் சட்டப்படி வைக்க அனுமதி பெற்ற போக்கர் மெஷின்கள் என்ற சூதாட்ட இயந்திரங்கள்தான் பல அணிகளின் உண்மையான புரவலர்கள்.

களத்தில் அடிதடி சாதாரணம். 1980களின் தொடக்கத்தில் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு ஜிம் கோமன்ஸ் என்ற வழக்கறிஞர் வந்த பிறகுதான் அதற்குக் கடிவாளம் விழுந்தது. 1982இல் பாப் கூப்பர் என்ற ஆட்டக்காரருக்கு அவர் விதித்த தடை 15 மாதம். மூக்கை உடைப்பதை வீரம் என்று ரசித்த கூட்டம் அதிர்ந்துபோனது. ஆனால் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் மைதானத்துக்கு வரவழைக்க நினைத்த நிர்வாகத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது.

குவேலின் அலுவலகம் செய்த முதல் பெரிய காரியம் கசப்பானது. 1908இல் லீக் தொடங்கியபோதே இருந்த நியூடவுன் அணி, கடனில் மூழ்கி 1983 முடிவில் வெளியேற்றப்பட்டது. வெஸ்டர்ன் சபர்ப்ஸையும் வெட்டப் பார்த்தார்கள். அது வழக்கும் போராட்டமுமாக நின்று பிழைத்துக்கொண்டது. நகரத்தின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளின் அணிகள் சுருங்க, வரைபடம் வெளியே விரிந்தது. 1988இல் பிரிஸ்பேன் பிராங்கோஸ், நியூகாசில் நைட்ஸ், கோல்டு கோஸ்ட் ஆகிய மூன்று அணிகள் சேர்ந்தன. பிராங்கோஸ் தன் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மேன்லியை 44-10 என்று நொறுக்கியது. மேன்லி, தலைவர் ஆர்தர்சனின் சொந்த அணி.

அடுத்து வந்தது விளம்பரம். 1989இல் டினா டர்னரை அழைத்து வந்தார்கள். ஒரு அமெரிக்கப் பாடகிக்கும் சிட்னிச் சேற்றில் புரளும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. மறு ஆண்டு ‘தி பெஸ்ட்’ பாடலோடு வந்த விளம்பரத்தில் ஆட்டக்காரர்களின் தசையும் வியர்வையும் கடற்கரை வெயிலில் மின்னின. ஆண்கள் பீர் குடித்துக்கொண்டு பார்த்த ஆட்டத்துக்குப் பெண்கள் ரசிகைகளானார்கள். 1993 இறுதிப் போட்டியில் டர்னரே மைதானத்தில் வந்து பாடினார்.

அந்தக் காலத்தின் முகத்தைப் பார்க்கக் கோப்பையைப் பார்த்தால் போதும். 1963 இறுதிப் போட்டி முடிந்ததும் செயின்ட் ஜார்ஜின் நெட்டையான நார்ம் புரோவனும் வெஸ்டர்ன் சபர்ப்ஸின் குட்டையான ஆர்தர் சம்மன்ஸும் தலைமுதல் கால்வரை சேறு அப்பியபடி நெருங்கி நின்றதை ஜான் ஓ’கிரேடி படமெடுத்தார். எது ஆள், எது மண் என்று பிரிக்கமுடியாத படம் அது. அதையே வெண்கலத்தில் வார்த்து 1982இல் கோப்பையாக்கினார்கள். பெயர் வைத்தது வின்ஃபீல்டு சிகரெட். அந்தச் சேற்றின் அடியில் 1995 வரை சிகரெட் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்த பிறகே அது கழன்றது. இன்று கோப்பைக்கு அந்த இரண்டு ஆட்டக்காரர்களின் பெயர். போட்டிக்கு டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனத்தின் பெயர். கூடவே பந்தய நிறுவனங்களின் பணம். சிகரெட் போன இடத்தில் சூதாட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் மறுப்பது கடினம்.

முன்னாள் ஆட்டக்காரர் நிர்வாகி ஆனால் ஆட்டக்காரர் பக்கம் நிற்பார் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அப்படி நடக்கவில்லை. 1990இல் குவேலின் லீக் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் எந்த அணிக்குப் போகலாம் என்பதை ‘டிராஃப்ட்’ முறையில் லீக்கே தீர்மானிக்கும் என்றது. டெரி ஹில் என்ற இளைஞர் தான் விரும்பாத அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு டிராஃப்டைச் சட்டவிரோதம் என்று தூக்கி எறிந்தது. மைதானத்திலிருந்து வந்தவர் முதலாளியின் நாற்காலியில் அமர்ந்தால் முதலாளியின் கணக்கைத்தான் போடவேண்டியிருக்கிறது.

1995இல் லீக் 20 அணிகளாக வீங்கியது. ஆக்லாந்து, வடக்கு குவீன்ஸ்லாந்து, தெற்கு குவீன்ஸ்லாந்து, மேற்குக் கரையில் பெர்த் என நான்கு புதிய அணிகள். அதே ஆண்டுதான் இடியும் விழுந்தது. கட்டணத் தொலைக்காட்சிக்குச் சரக்குத் தேடிய ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் லிமிடெட், மார்ச் இறுதியில் ஆட்டக்காரர்களை இரவோடு இரவாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்து ‘சூப்பர் லீக்’ என்ற போட்டி அமைப்பைத் தொடங்கியது. பழைய லீக்கின் பின்னால் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கரும் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆப்டஸும் நின்றார்கள். சூப்பர் லீக்கின் தலைமை நிர்வாகி ஜான் ரைபாட்டும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய விங்கர். ஆக, இரண்டு பக்கத் தளபதிகளும் ஆட்டக்காரர்கள். பணம் மட்டும் தொலைக்காட்சிக்காரர்களுடையது. மாலையில் பயிற்சிக்கு வந்து வார இறுதியில் ஆடியவர்களின் வாரிசுகளுக்கு முன்னே லட்சக்கணக்கான டாலர் காசோலைகள் நீட்டப்பட்டன.

1996 பிப்ரவரியில் பழைய லீக் வழக்கில் வென்றது, அக்டோபரில் மேல்முறையீட்டில் தோற்றது. அந்த ஆண்டின் இறுதியில் குவேல் விலகினார். ஆர்தர்சனும் அடுத்துப் போனார். 1997இல் இரண்டு லீக்குகள் தனித்தனியே ஆட, ரசிகர்கள் சலித்தார்கள். டிசம்பரில் சமரசமாகி 1998இல் என்ஆர்எல் என்ற தேசிய ரக்பி லீக் பிறந்தது. பாதிச் சொத்து நியூஸ் லிமிடெட்டின் கையில். அணிகளை 14ஆகக் குறைக்கப் பிடித்த பிடியில் பழம்பெரும் அணியான சவுத் சிட்னியே வெளியே தள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி, வழக்காடி, 2002இல் அதை மீட்டார்கள். குவேலோ 2000 சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவில் அரங்கங்களுக்குப் பொறுப்பான பொது மேலாளராகிவிட்டார். ஒரு நகரத்தின் ஆட்டத்தை நடத்தக் கற்றவருக்கு உலகின் ஆட்டம் வேலை கொடுத்தது.

இன்று நாற்காலி எப்படி இருக்கிறது? 2012இல் நியூஸ் லிமிடெட் வெளியேற, கிளப்புகளின் பிடிக்கும் அப்பாற்பட்ட சுதந்திர ஆணையம் பொறுப்பேற்றது. 2019 முதல் அதன் தலைவர் பீட்டர் வ்லாண்டிஸ், குதிரைப் பந்தய நிர்வாகத்தில் பேரெடுத்தவர். தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ அப்டோ, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கணக்காளர். பால்மெய்னின் வெய்ன் பியர்ஸ் போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் ஆணையத்தில் இடம்பெற்றிருந்தாலும் திசையைத் தீர்மானிப்பது கணக்கும் ஒளிபரப்பும்தான். 2024இலிருந்து ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டங்கள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடக்கின்றன. 2018இல் பெண்களுக்கான லீக் வந்தது. தலையில் அடிபட்டவரைக் காணொளி பார்க்கும் சுதந்திர மருத்துவரே களத்தைவிட்டு வெளியேற்றலாம். முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டீவ் ஃபோக்ஸ் இறந்த பிறகு, அடிமேல் அடி வாங்குவதால் வரும் மூளை நோய் அவருக்கு இருந்தது 2019இல் தெரியவந்ததும், பழைய மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடு என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை.

இதையெல்லாம் புதியவர்களின் சாதனையாக எழுதுவது எளிது. ஆனால் வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1995இல் சேர்ந்த நான்கு அணிகளில் ஆக்லாந்தும் வடக்கு குவீன்ஸ்லாந்தும் நிலைத்துவிட்டன. சூப்பர் லீக் போரில் செத்த பெர்த் 2027இல் திரும்புகிறது. அதுவும் 1999இல் தனி அணியாக ஆடுவதை நிறுத்திய வட சிட்னியின் ‘பேர்ஸ்’ பெயரைத் தாங்கி வருகிறது. 2028இல் பப்புவா நியூ கினி அணி வருவதற்கு ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டில் 60 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. குவேல், ஆர்தர்சன் காலத்தில் வரைந்த படத்துக்கே இப்போது பெரிய பணமும் பசிபிக் அரசியலும் வண்ணம் தீட்டுகின்றன. அவர்களிடம் யோசனை இருந்தது. தாங்கிப் பிடிக்கும் பணம் வேறு ஒருவர் கையில் இருந்தது. இன்று பணமும் யோசனையும் ஒரே மேசையில் இருக்கின்றன. அந்த மேசைக்கு ஆட்டம் தெரிந்தவர் வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் போய்விட்டது.

அப்படியானால் ஆடி முடித்தவர் நிர்வாகத்தில் எங்கே போய் நிற்கிறார்? 2023இல் புதிய ஊதிய ஒப்பந்தம் இழுபறியானபோது ஆட்டக்காரர்கள் சட்டையிலிருந்த என்ஆர்எல் சின்னத்தின்மேல் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு களமிறங்கினார்கள், பேட்டி தர மறுத்தார்கள். அவர்களின் சங்கத்தை நடத்தியவர் கிளின்ட் நியூட்டன், நியூகாசிலுக்கும் மெல்போர்னுக்கும் ஆடியவர். பெண் ஆட்டக்காரர்களையும் முதன்முறையாக உள்ளடக்கிய ஒப்பந்தம் அதில் வந்தது. டிராஃப்ட் வழக்கில் லீக்கின் பக்கம் நின்றவர் முன்னாள் ஆட்டக்காரர். ஊதியச் சண்டையில் லீக்குக்கு எதிரே நின்றவரும் முன்னாள் ஆட்டக்காரர். நாற்காலி கைமாறியதில் ஆட்டம் இழந்தது ஒன்று உண்டு என்றால், ஆடியவர்களுக்குக் கிடைத்ததும் ஒன்று உண்டு. எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து பேரம் பேச அவர்களிலேயே ஒருவர் இருக்கிறார்.