வடிகாலுக்கு ஒரு மனு: மரக்காணத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?

பொங்கல் நெருங்கும்போது மரக்காணம் உப்பளத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பாத்தியில் நின்ற மழைத்தண்ணீர் வடிந்துவிட்டதா? வடிந்திருந்தால் ஜனவரியிலேயே தரையை மிதித்து இறுக்கி, உப்புநீர் கட்டத் தொடங்கலாம். வடியாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி. உப்பு பூக்க அது 25 டிகிரிக்கு ஏற வேண்டும். பாத்தியில் மழைநீர் தேங்கிக் கிடந்தால் அந்த ஏற்றம் தொடங்கவே தொடங்காது. இப்படித் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் உற்பத்தியாளருக்கு நஷ்டம். உப்பு வாரும் பெண்களுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் அது ஒரு வாரக் கூலி.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் ஏரி போலக் கிடந்தன. புயலை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் வந்த தண்ணீர் எத்தனை நாளில் வெளியேறும் என்பது வாய்க்கால், வடிகால், சிறுபாலம் ஆகியவற்றின் நிலையைப் பொறுத்தது. இவற்றைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுக்கலாம். பலர் கொடுத்தும் இருக்கிறார்கள். அந்த மனுக்களில் பல, அந்த வேலைக்குப் பொறுப்பே இல்லாத அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தவை.

யார் பொறுப்பு?

மரக்காணம் ஒரு பேரூராட்சி. அங்கே கிராம சபை கிடையாது. தெருவோர வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குடிநீர் ஆகியவை பேரூராட்சி மன்றத்தின் பொறுப்பு. மனுவைச் செயல் அலுவலர் பெயருக்கு எழுதி, மன்றத் தலைவருக்கும் உங்கள் வார்டு உறுப்பினருக்கும் நகல் கொடுங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று உறுப்பினரிடம் கேளுங்கள்.

அனுமந்தை, கூனிமேடு, கந்தாடு போன்றவை கிராம ஊராட்சிகள். அங்கே கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும்.

உப்பள நிலத்தின் கதை வேறு. இங்கே மத்திய அரசு நிலமும் மாநில அரசு நிலமும் கலந்தே இருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 58-வது இனமே உப்புதான். மத்திய அரசு நிலத்தின் குத்தகை, அதன் புதுப்பிப்பு, உள்வாய்க்கால் எல்லாம் உப்பு ஆணையர் அமைப்பிடம் இருக்கின்றன. அதன் தலைமையகம் ஜெய்ப்பூரில். துணை உப்பு ஆணையர் அலுவலகம் சென்னையில். குத்தகை விஷயத்தைப் பேரூராட்சியில் எவ்வளவு உருக்கமாக எழுதிக் கொடுத்தாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

உப்பளத்தை ஒட்டிப் போகும் பக்கிங்காம் கால்வாய் மாநில நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் உப்பளத்துக்குள் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கால்வாய் வழியாகத்தான். உங்கள் வடிகால் கழுவெளிப் பக்கம் போகிறது என்றால் வனத்துறையும் உள்ளே வரும். 2021 டிசம்பரில் கழுவெளியில் 5,151.60 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் வனத்துறைக்குத் தெரியாமல் பொக்லைன் இறக்கினால் வேலை பாதியில் நிற்கும். அவர்களுக்கு முதலிலேயே ஒரு நகல் அனுப்பிவிடுவது நல்லது.

கிழக்குக் கடற்கரைச் சாலையும் கவனிக்க வேண்டிய ஒன்று. மரக்காணம்–புதுச்சேரி இடையே 46 கி.மீ. தூரத்தை நான்கு வழிச்சாலையாக்க 2025 ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. மேற்கிலிருந்து வரும் வெள்ளம் இந்தச் சாலையைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். சிறுபாலம் எங்கே, எவ்வளவு அகலம் என்பது வரைபடத்தில் முடிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். சாலை உயர்ந்து, சிறுபாலம் குறுகினால், மேற்குப் பக்கத்து நெல், மணிலா, தர்பூசணி நிலங்களிலும் தண்ணீர் நிற்கும். எனவே இது உப்பளத்தாரின் கவலை மட்டுமல்ல. இரு தரப்பும் சேர்ந்து, தண்ணீர் கடக்கும் இடங்களைக் குறித்து, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கலெக்டருக்கும் மனு கொடுக்க வேண்டும். உள்ளாட்சி மன்றத் தீர்மானம் ஒன்றும் அதனுடன் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

ஒரு மனு, ஒரு கோரிக்கை

வடிகால் தூர்வாருதல், தெருவிளக்கு, நிவாரணம், குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவது நம் வழக்கம். வந்ததே வந்தோம், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்ற எண்ணம். அலுவலகத்தில் நடப்பது என்ன? ஐந்து கோரிக்கை ஐந்து பிரிவுக்குப் போக வேண்டும், தாளோ ஒன்று. அது முதல் பிரிவிலேயே தங்கிவிடும். தெருவிளக்கு எரிந்ததும் ‘மனு முடிக்கப்பட்டது’ என்று பதில் வரும். ஐந்துக்கும் ஐந்து தாள் எழுதுங்கள்.

மனு இப்படி இருக்கலாம்:

“பொருள்: மரக்காணம் பேரூராட்சி, ...-வது வார்டு, ... தெரு முனையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வரையுள்ள வடிகாலைத் தூர்வாரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, மேற்படி வடிகால் சுமார் ... மீட்டர் நீளம் உள்ளது. இதில் ... என்ற இடத்தில் மண் மேடிட்டும், ... என்ற இடத்தில் குழாய் அடைபட்டும் உள்ளது. கடந்த மழையில் ... தேதி முதல் ... தேதி வரை ... நாட்கள் தண்ணீர் வடியவில்லை. இதனால் சுமார் ... ஏக்கர் உப்பளத்தில் வேலை தொடங்கத் தாமதமானது; ... தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்துக்குள், இதைத் தூர்வாரித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: புகைப்படங்கள் ..., கை வரைபடம் 1.”

இவ்வளவு போதும். அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். புள்ளியிட்ட இடங்களை நிரப்புவதில்தான் உழைப்பு இருக்கிறது. வடிகாலின் நீளத்தைக் காலடியால் அளந்தாவது எழுதுங்கள். தண்ணீர் நின்ற நாட்களை மழை நேரத்திலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி தெரியும் புகைப்படம் எடுங்கள். என்னைக் கேட்டால் நூறு கையெழுத்தைவிட, ‘அடைப்பு இந்தக் குழாயில்’ என்று காட்டும் ஒரு படம் பெரிது. பொறியாளர் மதிப்பீடு போட வரும்போது அவர் கையில் இருக்க வேண்டியது அதுதான். கையெழுத்துகளும் வேண்டும், ஆனால் பெயர், வார்டு, வேலை என்ற மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. உப்பு வாரும் பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். முதலில் கூலி போவது அவர்களுக்குத்தான்.

மனு கொடுக்கக் கட்டணம் இல்லை, ஸ்டாம்பு ஒட்டத் தேவையில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவருக்குக் கொடுக்கும் பணம் அவர் கூலி, அவ்வளவுதான்.

காலமும் முக்கியம். அக்டோபர் 2 கிராம சபையில் தூர்வாரச் சொல்லிக் கேட்பது, மழை தூறத் தொடங்கியபின் கூரை வேயக் கிளம்புவது போல. மதிப்பீடு, மன்ற ஒப்புதல், டெண்டர் எனச் சில மாதங்கள் ஓடிவிடும். மே 1 கூட்டத்தில் கேளுங்கள். பேரூராட்சி என்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே கொடுத்து, அடுத்த மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கிராம சபையில் பேசுவதோடு நிற்காதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும். கோரம் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எழுதிய தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் மதுரை மேலூர்ப் பக்கம் பார்க்கலாம். 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே போராட்டமும் இருந்தது, ஊர்வலமும் இருந்தது; தாள் மட்டும் சாதித்ததல்ல. ஆனாலும் எங்கள் ஊர் எதிர்க்கிறது என்று காட்ட அந்த ஊர்களின் கையில் எழுத்தாக ஓர் ஆவணம் இருந்தது.

கொடுத்தபின்

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியுடன் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்’ என்றால் அங்கே வாதாட வேண்டாம். தபால் நிலையம் போய் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2015 செப்டம்பர் 21 தேதியிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99 சொல்கிறது. அந்த எண்ணை மனுவின் அடியில் ஒரு வரியாக எழுதுவதில் தவறில்லை.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையா? முத்திரையிட்ட நகலை இணைத்து, விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் உண்டு. வடிகால், சிறுபாலம் போன்றவற்றுக்கு அதுவே இன்னும் பொருத்தம், நீர்வளத் துறை அதிகாரிகளும் அங்கே இருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் பெயர் விடுபட்டவர்களும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் தனி மனுவாகத் தரலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. ‘என் ... தேதி மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல், மதிப்பீட்டின் நகல், மன்றத் தீர்மானத்தின் நகல்’ என்று ஆவணங்களைக் கேளுங்கள். பேரூராட்சி, நீர்வளத் துறை போன்ற மாநில அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உப்பு ஆணையர் அலுவலகமும் நெடுஞ்சாலை ஆணையமும் மத்திய அரசைச் சேர்ந்தவை. அங்கே அந்த வில்லை செல்லாது. 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் எடுத்து இணைக்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் காரணம் ஒரு வரி போதும், ‘பதில் வரவில்லை’ என்று.