ஊசிக்குப் பேர், தெரபிஸ்டுக்குப் பழி

சோப்பு முட்டை ஊதும் டப்பாவை இறுக்க மூடிவிட்டு தெரபிஸ்ட் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மூன்று வயதுக் குழந்தை. அது அவர் கையைப் பிடித்து டப்பாவின் மேல் வைக்கிறது, முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. குழந்தை ஒரு கணம் ஏறிட்டுப் பார்க்கிறது. மூடி திறக்கிறது, முட்டைகள் பறக்கின்றன. சிறு குழந்தைகளுக்கான ஸ்பீச் தெரபியில் கணிசமான பகுதி இந்தக் காத்திருப்புதான். நமக்கு வேண்டியதை இன்னொரு ஆளிடம் கேட்டு வாங்க முடியும் என்பதையே அந்தக் குழந்தை அங்கே கற்கிறது. கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கோ, ‘சோப்பு முட்டை ஊதறதுக்கா ஒரு செஷனுக்கு இவ்வளவு காசு?’ என்றுதான் தோன்றும். அன்று இரவே அவர் கைப்பேசியில் ஒரு வீடியோ வருகிறது: ஒரு ஊசி, ஒரு பவுடர், ஒட்டகப்பால், ஆறே மாதத்தில் ‘நார்மல்’. முன்பு அழுத பிள்ளை, இப்போது பாட்டுப் பாடும் பிள்ளை, பின்னணியில் வயலின்.

ஆட்டிசம் சிகிச்சை பற்றிய பொய்த்தகவல் என்றதும் ஏமாந்த பெற்றோரையும் கரைந்த சேமிப்பையும் பற்றித்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் இந்தப் பொய்கள் தெரபிஸ்டிடமிருந்து பறிப்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அவருடைய உழைப்பின் பேர் வேறு எதற்கோ போய்ச் சேர்கிறது, பழி மட்டும் அவரிடம் தங்கிவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவின் சீக்ரெட்டின் கதையைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. சிறுகுடல் சுரக்கும் ஹார்மோன் அது. கணையத்தைத் தூண்டுவது அதன் வேலை. வயிற்றுக் கோளாறுக்கான பரிசோதனையில் அதைப் பெற்ற ஆட்டிசக் குழந்தைகளிடம் பேச்சும் பார்வையும் மேம்பட்டதாக 1998இல் ஓர் ஆய்விதழில் குறிப்பு வந்தது. மொத்தம் மூன்றே குழந்தைகள். தொலைக்காட்சி அதைத் தூக்கிப்பிடித்தது, மருந்துக்கு அலைமோதல். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளை வைத்து முறையான சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது, மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக ஒன்றும் இல்லை.

உப்புநீர் போட்ட பிள்ளையும் ஏன் முன்னேறியது? பிள்ளை வளர்கிறது. ஊசி போட்ட வாரத்தில் பெற்றோர் வழக்கத்தைவிடக் கூர்ந்து கவனிக்கிறார்கள். மோசமான நாட்களில் ஓடிப்போய்த் தேடிய சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் நல்ல நாட்கள் தாமாகவே வரும். கூடவே தெரபி நின்றுவிடுவதும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நடக்கும் செஷனுக்குத் தேதி கிடையாது, ஊசிக்குத் தேதி உண்டு. மனம் தேதியைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சோதனையில் பங்கேற்ற பெற்றோரிடம் முடிவைச் சொன்ன பிறகும் அவர்களில் 69 சதவீதம் பேர் சீக்ரெட்டினில் ஆர்வமாகவே இருந்தார்கள். ஆதாரத்தை எடுத்துச் சொன்னால் போதும், பொய் தானே உதிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் இதன் இன்றைய வடிவம் ஸ்டெம்செல். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை முதுகுத்தண்டு நீரில் ஏற்றுகிறார்கள். ஒப்புதல் பெற்ற சில ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர, ஆய்வுச் சோதனைக்கு வெளியே ஸ்டெம்செல்லை நோயாளிக்குச் செலுத்துவது நெறியற்றது என்கின்றன 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள். ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. விளம்பரங்களோ ஓயவில்லை. அவற்றில் எனக்கு உறுத்துவது ஒரு துணைவரி: செலுத்திய பிறகு தீவிரமாக ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடர வேண்டுமாம். பிள்ளை பேசினால் செல் வேலை செய்தது. பேசாவிட்டால், ‘தெரபி சரியாகக் கொடுக்கலையோ?’

இந்தக் கணக்கில் தினமும் தோற்கிறவரின் மொழி மாறத் தொடங்குவதுதான் என் பெரிய கவலை. நல்ல தெரபிஸ்டின் குறிப்பேடு அடக்கமானது: ‘ஐந்து வாய்ப்பில் இரண்டு முறை, கையைத் தொட்டு உதவியபின், படஅட்டையை எடுத்துக் கொடுத்தான்.’ உண்மை இந்த அளவில்தான் நகரும். ‘எப்போ பேசுவான்?’ என்று கேட்கும் அப்பாவிடம் ‘இப்போதே சொல்ல முடியாது சார்’ என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பதிலைச் சொன்னவரின் அடுத்த வாரச் செஷன் காலியாகிறது. ஆறு மாதம் என்று அடித்துச் சொன்ன சென்டரில் கூட்டம். சம்பளம் குறைவு, படிப்போ வருடக்கணக்கு. இளம் தெரபிஸ்ட் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஒன்று வேறு வேலைக்குப் போவார், அல்லது அவரும் ‘கண்டிப்பா பேசிடுவான்மா’ என்று சொல்லப் பழகுவார். இரண்டாவது இன்னும் மோசம்.

தெரபி உலகமும் அப்பழுக்கற்றது இல்லை, சில பயிற்சிமுறைகளை ஆட்டிசமுள்ள பெரியவர்களே கண்டிக்கிறார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது தனிக்கட்டுரைக்கானது. தாயின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நிபுணர்களே சொன்னார்கள், அவர்களை எப்படி நம்புவது என்ற கேள்விக்குக் கனம் அதிகம். ஆனால் அந்தக் கொடுமையான கருத்தைத் தூக்கிப்போட்டது ஆய்வுதான், அதிசய மருந்து விற்றவர்கள் அல்ல. ‘பலிக்காட்டியும் கெடுதல் இல்லையே, முயன்று பார்க்கட்டுமே’ என்பது எல்லாவற்றையும்விடப் பரவலான வாதம். உடம்பிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லிக் கொடுத்த கீலேஷன் மருந்தால் 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் இறந்தான்; ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுபோனது. உயிருக்கு ஆபத்தில்லாதவையும் இலவசமாக வருவதில்லை, பவுடருக்குப் போகும் பணம் பெரும்பாலும் செஷனைக் குறைத்துத்தான் வருகிறது.

இன்னொன்று, வெளியே தெரியாதது. சேர்க்கைப் படிவத்தில் ‘வேறு சிகிச்சை ஏதும் உண்டா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். திட்டுவார்களோ என்று பெற்றோர் அதைக் காலியாக விடுகிறார்கள். சில தெரபிஸ்டுகள் திட்டவும் செய்கிறார்கள். அலுப்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் தப்பு. புது உணவுக்கட்டுப்பாட்டில் பாதி வயிற்றோடோ, பேர் தெரியாத சொட்டுமருந்து கிளப்பிய வயிற்றுவலியோடோ பிள்ளை செஷனுக்கு வருகிறது. சோப்பு முட்டை டப்பாவைத் தள்ளிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்கிறது. அன்றைய குறிப்பில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதப்படுகிறது.