கரிசல் வெயிலில் கிருமிநாசினி

தீக்குச்சியின் தலையில் இருக்கும் மருந்தும் கழிப்பறை கழுவும் ப்ளீச்சும் ஒரே குடும்பம். குளோரின் வாயுவைக் குளிர்ந்த காரக் கரைசலில் செலுத்தினால் ஹைப்போகுளோரைட் உண்டாகும், அதுதான் ப்ளீச். அதே வாயுவைச் சூடான, அடர்த்தியான காரக் கரைசலில் செலுத்தினால் குளோரேட் உண்டாகும். அந்தக் குளோரேட்டின் பொட்டாசியம் உப்புதான் கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர் வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் கந்தகத்தோடும் பசையோடும் சேர்ந்து குச்சி முனையில் ஏறுகிறது. இரண்டுக்கும் பின்னால் இருப்பவரும் ஒருவர்தான்: பிரெஞ்சு வேதியியலாளர் குளோது லூயி பெர்த்தொலே. குளோரினுக்குத் துணியை வெளுக்கும் ஆற்றல் உண்டு என்று 1785-ல் அறிவித்த அவர், அடுத்த சில ஆண்டுகளுக்குள் பொட்டாசியம் குளோரேட்டையும் தயாரித்துக் காட்டினார்.

ஒன்று கிருமியைக் கொல்கிறது. மற்றது நெருப்பை எழுப்புகிறது. இரண்டையும் பிரித்துவைப்பது வெப்பம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கரிசல் காட்டில் கிருமிநாசினி வாங்க வேண்டும். தரை, மேசை, கதவுக் கைப்பிடி போன்ற கடினமான பரப்புகளுக்கு எது நல்லது, எது ஆபத்து என்ற கேள்விக்கு பாட்டிலின் மேல் அச்சிட்ட எழுத்து பாதி விடைதான் தரும். மீதி விடையை நம் ஊர் வெயிலும் மண்ணும் தண்ணீரும் எழுதுகின்றன.

உப்பில் பிறந்த ஆயுதம்

ப்ளீச்சின் தாய்ப்பொருள் சாதாரண உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரினும் மறுபக்கம் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்களை ஒட்டிச் சாகுபுரத்தில் உள்ள டி.சி.டபிள்யூ. ஆலை பல பத்தாண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. அந்த இரண்டு பொருள்களையும் மீண்டும் சேர்த்தால் சோடியம் ஹைப்போகுளோரைட். குளோரினைச் சுண்ணாம்போடு சேர்த்தால் ப்ளீச்சிங் பவுடர். இதற்குச் சார்லஸ் டென்னன்ட் 1799-ல் காப்புரிமை பெற்றார்.

ப்ளீச் தண்ணீரில் கலக்கும்போது அதில் ஒரு பகுதி ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. மின்னேற்றம் இல்லாத அந்தச் சிறு மூலக்கூறு கிருமியின் மேலுறையைத் துளைத்து உள்ளே போய்ப் புரதங்களையும் மரபுப் பொருளையும் சிதைக்கிறது. வியப்பு என்னவென்றால், இதே அமிலத்தை நம் உடலும் தயாரிக்கிறது. நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணு ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும், மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் உதவியோடு, ரத்தத்தில் உள்ள உப்பின் குளோரைடிலிருந்தே ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உருவாக்கி அதன்மேல் பாய்ச்சுகிறது. பெர்த்தொலேவுக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உயிர்கள் ப்ளீச்சைக் கண்டுபிடித்துவிட்டன.

மருத்துவத்தில் அதன் பலத்தை எண்களால் காட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணக் கூறாய்வு முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் போக வேண்டும் என்று விதித்தார். அந்த ஏப்ரலில் நூறு தாய்மாரில் 18 பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தனர். கோடை முடிவதற்குள் அது நூற்றுக்கு ஓரிருவராகக் குறைந்தது.

அலமாரியில் உள்ள மற்றவை

அடுத்தது பினாயில். 1865-ல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலத்தின் வழிவந்தது கறுப்புப் பினாயில். நிலக்கரித் தாரிலிருந்து வரும் இந்தப் பொருள்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: சாணம், சேறு போன்ற கரிம அழுக்கு இருந்தாலும் இவற்றின் வீரியம் அவ்வளவாகக் குறையாது. மாட்டுத் தொழுவத்திலும் சாக்கடை ஓரத்திலும் கறுப்புப் பினாயில் நிலைத்ததற்கு இதுவே காரணம். ஆனால் தோலைப் புண்ணாக்கும். குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. பைன் எண்ணெயில் செய்த வெள்ளைப் பினாயில் இதைவிட மென்மையானது, பலமும் குறைவு. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதற்கு எளிதில் அடங்குவதில்லை. வாசனை தூக்கலாக இருப்பதால் கிருமி செத்துவிட்டது என்று பொருளில்லை.

இன்று கடைகளில் விற்கும் வாசனைத் தரைத் திரவங்கள் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது. குவாட்டர்னரி அம்மோனியம், சுருக்கமாகக் குவாட், என்ற வகையைச் சேர்ந்தது இது. இந்த வகைக்குக் கிருமிக்கொல்லி ஆற்றல் உண்டென்று 1935-ல் எடுத்துக்காட்டியவர் ஜெர்மானியர் கெர்ஹார்ட் டோமாக். நேர்மின்னேற்றம் கொண்ட குவாட், எதிர்மின்னேற்றம் கொண்ட பாக்டீரியாவின் சவ்வில் ஒட்டி அதைக் கிழிக்கிறது. துருப்பிடிக்க வைக்காது, நாற்றமும் இல்லை. ஆனால் நோரோ, போலியோ போன்ற கொழுப்புறை இல்லாத வைரஸ்களிடம் அதன் பலம் குறைவு.

70 விழுக்காட்டு ஆல்கஹால் வேகமாகக் கொல்லும். 99 விழுக்காட்டைவிட 70 மேல் என்பது விந்தையாகத் தோன்றலாம். புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். தண்ணீர் இருந்தால் ஆவியாவதும் தாமதமாகும். ஆனால் அது எரியக்கூடியது. பெரிய பரப்பில் தெளித்துத் துடைக்க ஏற்றதல்ல. தீப்பெட்டி ஆபீஸிலும் அடுப்படியிலும் அதற்கு இடமே கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வேலை முடிந்ததும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். எச்சம் என்ற அளவில் இதுவே தூய்மையானது. ஆயினும் அடர்ந்த கரைசல் தோலையும் கண்ணையும் சுடும்.

எந்த மருந்துக்கும் எல்லாக் கிருமியும் ஒன்றல்ல. கொரோனா, இன்ஃபுளுயன்சா போன்ற கொழுப்புறை கொண்ட வைரஸ்கள் மிக எளிதில் மடியும், சோப்பே போதும். சாதாரண பாக்டீரியாக்கள் அடுத்த நிலை. உறையில்லா வைரஸ்களும் காசநோய்க் கிருமியும் அதற்கும் மேலே. உச்சியில் இருப்பவை பாக்டீரியா வித்துகள். மண்ணில் உறங்கும் டெட்டனஸ் வித்து ஆல்கஹாலுக்கும் குவாட்டுக்கும் சாவதில்லை.

99.9 என்ற எண்

பத்து லட்சம் கிருமிகளில் 99.9 விழுக்காடு செத்தால் மீதி ஆயிரம் உயிரோடு இருக்கும். அந்த எண்ணும் ஆய்வகத்தில், மழமழப்பான பரப்பின்மீது, குறித்த அளவு கலந்து, குறித்த நிமிடங்கள் ஈரமாக வைத்திருந்து கிடைத்தது. பாட்டிலின் பின்புறம் பொடி எழுத்தில் 5 நிமிடம், 10 நிமிடம் என்று இருப்பது அந்த நேரம்தான். இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் கரிசல் நிலம் குலைத்துவிடுகிறது.

முதலில் வெயில். ஹைப்போகுளோரைட் கரைசல் வைத்திருக்கும்போதே மெல்லச் சிதைகிறது. அதில் ஒரு பகுதி குளோரேட்டாக மாறுகிறது. தீக்குச்சியில் நெருப்பை ஊட்டும் அந்தக் குளோரேட்டுக்குத் தரையில் கிருமி கொல்லும் திறம் கிடையாது. வெப்பம் 10 பாகை கூடினால் இந்தச் சிதைவு ஏறத்தாழ 3 முதல் 4 மடங்கு வேகமாகும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த ப்ளீச் பாட்டிலுக்கும், நிழலான அறையில் மண் தரையில் வைத்த பாட்டிலுக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ப்ளீச்சிங் பவுடரும் அப்படியே. புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 விழுக்காடு பயன்படக்கூடிய குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்துபோட்டால் காற்றின் ஈரமும் வெப்பமும் அதை அரித்துவிடும். 20 விழுக்காடாக இறங்கிய பவுடரைப் பழைய அளவிலேயே கலந்தால், கிடைப்பது நினைத்த வீரியத்தில் ஐந்தில் மூன்று பங்குதான்.

வெயிலின் இரண்டாவது வேலை தரையில் நடக்கிறது. 38, 39 பாகை வெயிலில் வறண்ட காற்று வீசும்போது பிழிந்த துணியால் துடைத்த தரை சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. காய்ந்த மருந்து வேலை செய்யாது. பத்து நிமிடம் ஈரமாக இருந்தால்தான் கொல்லும் என்று எழுதியுள்ள மருந்து அதற்குள் காய்ந்துபோனால், அந்தப் பாட்டிலின் வாக்குறுதி நமக்குப் பொருந்தாது.

மூன்றாவது மண். கரிசல் மண் கோடையில் கால் புதையும் அளவு வெடிப்பதும் மழையில் உப்பிக் களியாவதும் அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமத்தால். புத்தகத் தாள்கள்போல் அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் களிமத்தின் ஏடுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. நேர்மின்னேற்றமுள்ள பயிர்ச் சத்துகளைப் பிடித்துவைத்துப் பருத்தியையும் சோளத்தையும் மானாவாரியாக வளர்ப்பது அந்தக் குணம். 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணையும் பயிரையும்தான் ஆராய்கிறது. வயலுக்கு வரமான அந்தக் குணம் வாளித் தண்ணீரில் தலைகீழாகிறது. குவாட்டும் நேர்மின்னேற்றம் உள்ளதே. காலில் ஒட்டி வந்த கரிசல் தூசி மருந்தை ஏடுகளுக்குள் இழுத்துப் பூட்டிக்கொள்கிறது. கிருமிக்கு மிச்சமாவது குறைவு. பருத்தித் துணியும் குவாட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. கரிசலும் பருத்தியும் வளம் கொழிக்கும் ஊரில், பழைய பருத்தித் துணியை மண் கலங்கிய வாளியில் நனைத்துத் துடைப்பது மருந்துக்கு இரட்டைச் சிறை. செயற்கை இழை மாப் இந்த இழப்பைக் குறைக்கும்.

நான்காவது தண்ணீர். சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் சோப்பு நுரைக்காது, குவாட்டும் தளரும். தரை துடைக்க உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைவிடத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் நல்லதுதான். குடிக்கவே அது போதாத ஊரில் அப்படிச் சொல்வது நியாயமாகாது. கடினநீரே கதி என்றால், அங்கே ப்ளீச்தான் நம்பகமானது.

கொல்வது கிருமியை மட்டுமா?

வீரியம் ஒரு பக்கம். நம் நுரையீரல் மறுபக்கம். ப்ளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்தால் ப்ளீச் தான் பிறந்த குளோரின் வாயுவாகவே திரும்பிவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆயிரக்கணக்கான வீரர்களை வீழ்த்திய அதே வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. சிறிய, சன்னலில்லாத கழிப்பறையின் தரையிலேயே தங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக. ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். அதுவும் மூச்சைத் திணற வைக்கும். இரண்டு நல்ல மருந்துகளைக் கலந்தால் இரட்டிப்புப் பலன் என்ற எண்ணம் வீடுகளில் விபத்துகளுக்குக் காரணமாகிறது.

2020-ல், கொரோனா பரவியபோது, மருந்து கூடக்கூடப் பலனும் கூடும் என்ற எண்ணம் தெருவுக்கே வந்தது. அந்த ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் மக்கள்மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை அமைக்கப்பட்டது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. சில நாள்களிலேயே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை அது வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்மேல் தெளிப்பதை எதிர்த்து அறிவுரை வெளியிட்டது. மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் தெருக்களில் தெளிப்பதும் பயனற்றது என்றது: புழுதியும் குப்பையும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய சுரங்கப்பாதைகளைத் தடுக்க உத்தரவு பிறப்பிக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. அத்தனை மாதங்களும் முதுகில் தெளிப்பானைச் சுமந்து அந்தச் சாரலை மூச்சில் இழுத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். துப்புரவு வேலையில் ரசாயனத்தோடு பழகுபவர்களுக்கு ஆஸ்துமா கூடுதல் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான செய்தி.

எனவே

எல்லாவற்றிலும் சிறந்தது என்று ஒரு பாட்டிலைக் காட்ட முடியாது. இடத்துக்கு ஏற்ற மருந்து உண்டு. நோயாளி இல்லாத வீட்டின் தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். வயிற்றுப்போக்கு, வாந்தி கண்ட வீட்டின் கழிப்பறைக்கும் படுக்கையோரத் தரைக்கும் ப்ளீச்தான் முதல் தேர்வு: புதிய ப்ளீச்சிங் பவுடர் 3 கிராம் 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 விழுக்காடு, வாந்தி, ரத்தம் சிந்திய இடமானால் 15 கிராம். கதவுக் கைப்பிடிக்கும் சுவிட்சுக்கும், மின்சாரத்தை நிறுத்திய பின், துணியில் நனைத்த ஆல்கஹால். தொழுவத்துக்குக் கறுப்புப் பினாயில்.

எதுவானாலும் முதலில் பெருக்கி, சோப்பால் கழுவி, மண்ணை வெளியேற்றுங்கள். பிறகு மருந்திடுங்கள். வெயில் ஏறும் முன் காலையில் துடைத்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சை வெந்நீரில் கலக்காதீர்கள். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், இருட்டான குளிர்ந்த இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். உங்கள் தெருவைத் துப்புரவு செய்ய வருபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கிடைத்திருக்கிறதா என்று நகராட்சியிடம் கேளுங்கள். இல்லையென்றால் கிடைக்கும்வரை கேளுங்கள்.