பொருநைக் கரையில் பூட்டிய ஏடுகள்

மறைஞானத் தடங்கள் – 9

1881 அக்டோபரில் கர்னல் ஆல்காட் கொழும்பிலிருந்து சிங்கள பௌத்தர்கள் சிலரை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தார். நெல்லையப்பர் கோயிலில் பௌத்தர்களும் சைவர்களும் கூடி நின்று, சமய நட்பின் அடையாளமாக ஒரு தென்னங்கன்றை நட்டார்கள். பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து அவர் 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபையின் நம்பிக்கை இந்தத் தொடரின் வாசகர்களுக்குப் புதிதல்ல. எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே ஞானம் ஓடுகிறது, மகான்கள் சிலர் அதைக் காலங்காலமாக மறைத்துக் காக்கிறார்கள், தகுதி வந்தவருக்கே அது கிட்டும் என்பது அதன் சாரம். பொருநை என்ற தாமிரபரணியின் கரையில் இந்தக் கருத்து வேர்பிடிக்க அதிக நாள் ஆகவில்லை. மேற்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம் நிற்கிறது. அகத்தியர் இன்றும் அங்கே சூட்சும உருவில் உறைகிறார் என்று நம்பி மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை உரசிப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. மறைத்துக் காத்த ஏடுகள் இந்த ஆற்றங்கரைக்கு உண்மையாகவே சொந்தமாக இருந்தன. யார் பூட்டினார், சாவி யார் யார் கைக்குப் போனது, யார் திறந்தார் என்பதெல்லாம் பெயரோடு நமக்குக் கிடைக்கிறது. அவற்றைத் தொடர்ந்து போனால், பூட்டப்பட்டது பெரும்பாலும் ஞானம் அல்ல, அதை எடுத்துச் சொல்லும் உரிமைதான் என்று தெரிகிறது. அந்த உரிமை ஒரு கடமையாகக் கைமாறியவரை ஏடு பிழைத்தது. கடமை போய் உடைமை மட்டும் மிஞ்சிய இடங்களில் ஏடு அழிந்தது.

முதல் சான்று ஆழ்வார்திருநகரியிலிருந்து வருகிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆயிரமும் ஒருகாலத்தில் வழக்கொழிந்து போயிருந்தது என்றும், பத்துப் பாட்டை மட்டும் கேள்விப்பட்ட நாதமுனிகள் குருகூர் என்ற இதே ஊருக்கு வந்து, மதுரகவியாழ்வாரின் பதினொரு பாசுரத்தைப் பன்னீராயிரம் முறை உருவேற்றி நாலாயிரத்தையும் மீட்டார் என்றும் வைணவ மரபு சொல்லும். அதன்பின் பாசுரங்கள் ஒளிவுமறைவின்றிக் கோயிலிலும் வீதியிலும் ஒலித்தன. காவல் வந்தது உரைக்குத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிவந்தார். அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டதை இரவில் ஓலையில் எழுதிவைத்தார். அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஏட்டைப் பார்த்த நம்பிள்ளை, தம் அனுமதியில்லாமல் எழுதியது என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவரிடம் ஒப்படைத்தார். மாதவரிடமிருந்து அவர் மகன் பத்மநாபருக்கு, அவரிடமிருந்து நாலூர்ப் பிள்ளைக்கு, பிறகு அவர் மகன் நாலூராச்சான் பிள்ளைக்கு என்று அது ஓராண் வழியாகவே இறங்கியது. படி என்பது முப்பத்திரண்டு எழுத்தைக் கொண்ட அளவு. முப்பத்தாறாயிரம் படி என்றால் பதினொரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் எழுத்து. எழுத்தாணியால் கீறிய அத்தனை எழுத்தும் தலைமுறைக்கு ஒருவர் பொறுப்பில் இருந்தன. இடையில் 1323-இல் திருவரங்கம் சூறையாடப்பட்டது. உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடிய பிள்ளை உலகாசிரியர் மதுரைக்கருகே ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். அந்தக் குழப்பத்தில் ஒரு வீடு எரிந்திருந்தாலும், ஒருவர் வாரிசின்றி இறந்திருந்தாலும் ஈடு இன்று நமக்கு இல்லை.

அந்த வரிசையைப் பொருநைக் கரைக்குக் கொண்டுவந்தவர் திருவாய்மொழிப் பிள்ளை. காஞ்சியில் நாலூராச்சான் பிள்ளையிடம் ஈட்டைக் கேட்டவர், காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளச் செய்து அங்கேயே தங்கிவிட்டார். 1370-இல் பிறந்த மணவாள மாமுனிகள் அவரிடம் அதே ஊரில் பாடம் கேட்டார். இந்த மாமுனிகள்தான் பின்னாளில் திருவரங்கத்துக்குப் போய், பெருமாள் சந்நிதியில், ஏறக்குறைய 1432, 1433 ஆண்டுகளில், ஓராண்டுக்காலம் ஈட்டை முழுக்க விரித்துரைத்தார். தலைமுறைக்கு ஒருவர் என்று வந்த உரை அன்றைக்குச் சபைக்கு வந்தது. ஈடு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. உபதேச ரத்தின மாலையில் பெயர் பெயராகப் பாடிவைத்தார். திருக்கோட்டியூரில் இராமானுசர் ஊரறியத் திருமந்திரத்தை உரைத்த கதை எல்லாருக்கும் தெரியும். ஈட்டின் கதை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. குருவின் கட்டளையை மீறியவர் இராமானுசர். மாமுனிகள் எதையும் மீறவில்லை. காத்து வந்த வரிசைக்குள் நின்றபடியே, அந்தக் காவல் எதற்கு என்பதை உணர்ந்து அதை முடித்துவைத்தார். ஈட்டில் அப்படி என்ன மறைபொருள் இருந்தது என்று கேட்டால், ஊரறிந்த பாசுரத்துக்குப் பொருளும், அவதாரிகையும், ஆசாரியர்கள் பேசிக்கொண்ட செய்திகளும் இருந்தன. மந்திரமோ மாயமோ தேடுகிறவருக்கு அதில் ஏமாற்றமே மிஞ்சும்.

சைவத்திலும் இதே கரை இன்னொரு சான்றைத் தருகிறது. பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த முக்களாலிங்கர், திருவாவடுதுறைக்குப் போய்ச் சிவஞான முனிவரானார், 1785-இல் மறைந்தார். மெய்கண்டாரின் சிவஞான போதத்துக்குச் சிற்றுரை, பேருரை என்று இரண்டு எழுதினார். சிற்றுரை வெளியே பயிலப்பட்டது. மாபாடியம் எனப்படும் பேருரையோ ஆதீனத்துக்குள் போற்றிப் பூட்டப்பட்டது. தமிழ்நாட்டு அச்சுக்கூடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கச் சமய நூல்களை அடித்துத் தள்ளியபோதும் மாபாடியம் அச்சேறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் முதலில் ஒரு பகுதி வந்தது. முழு நூல் கைக்கு வந்தது 1936-இல். ஆசிரியர் மறைந்து நூற்றைம்பது ஆண்டு கழிந்திருந்தது. பன்னிரண்டு சூத்திரங்களைக் கொண்ட மூலநூல் அத்தனை நாளும் எல்லார் கையிலும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. இங்கேயும் பூட்டப்பட்டது மூலமல்ல, உரை. அச்சான பிறகு மாபாடியத்தின் மதிப்பு குறைந்ததா? சைவ சித்தாந்தத்தை ஆழமாகக் கற்க வருகிறவர் இன்று முதலில் தேடுவது அதைத்தான். திருவாவடுதுறை இந்த ஏட்டைச் சிதையாமல் காத்தது பெரிய தொண்டு. ஆனால் மேலகரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ பேர் அதைப் படிக்காமலே சித்தாந்தம் கற்பித்துக் காலம் கழித்தார்கள். அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கே ஆல்காட்டின் பக்கம் நிற்கிறவர் ஒரு கேள்வி கேட்கலாம். வைணவம் ஓராண் வழியில் காத்தது, சைவம் ஆதீனத்தில் காத்தது, சூஃபிகள் பைஅத் என்ற உறுதிமொழி கொடுத்து ஷைகு என்ற குருவின் வழியே காத்தார்கள். எல்லாரும் காத்தது ஒன்றைத்தானே? ஒற்றுமை காவலின் முறையில் இருக்கிறது. காக்கப்பட்ட பொருளில் இல்லை. ஈடு நாராயணனிடம் சரணடையச் சொல்கிறது. மாபாடியம் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்று நிறுவி, பிற கொள்கைகளை வரிசையாக மறுக்கிறது. சிவஞான முனிவர் சைவத்துக்குள்ளேயே சிவசமவாதத்தை எதிர்த்து மறுப்பு நூல் எழுதினார்; ஒரே ஒரு சொல்லின் பொருளுக்காக வைரக்குப்பாயம் என்று தனிநூலே செய்தார். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்று என்று அவரிடம் சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டார். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர்முகம்மது அப்பாவையும் எடுத்துக்கொள்ளலாம். ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத் என்ற நான்கு படிகளில் கடைசிப் படி குருவின்றி எட்டாதது என்பது சூஃபி மரபு. ஆனால் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் தக்கலையில் விடிய விடியக் கூட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். சொல் ஊருக்கே பொது. அதை வாழ்ந்து பார்க்கும் வழிதான் குருவினுடையது. மூன்று மரபையும் ஒன்றாகக் கரைத்துவிட்டால் மூன்றின் தனி ருசியும் போய்விடும். மதிப்புக் கொடுப்பதாக நினைத்துச் செய்கிற அவமதிப்பு அது.

உண்மையான ரகசியம் வெளியே வரவே வராது, நீ பார்ப்பது வெளிவந்ததை மட்டும் என்ற வாதமும் உண்டு. இதற்கு நெடிய பதில் தேவையில்லை. தடயமே இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லவும் முடியும், இல்லை என்று சொல்லவும் முடியும். அதை வைத்து யாரும் எதையும் கற்க முடியாது. தடயம் உள்ள ரகசியங்கள் என்ன ஆயின என்று கேட்பது பயனுள்ளது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு வரதுங்கராம பாண்டியரின் ஏடுகள் வந்துசேர்ந்திருந்தன. அவற்றைத் தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்குக் கிடைத்த செய்தி, ஆகம விதி என்று சொல்லி அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்பது. அவை மறைநூல்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவர் வரிசை அற்றுப்போய், பத்திரமாக வைத்திருக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சினால் ஏடு எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று இந்த வட்டாரத்தில் வேண்டியதில்லை.

கடுமையான மறுப்பு சித்த மருத்துவத்திலிருந்து வருகிறது. பாதரசமும் பாஷாணமும் கையாளும் முறையை எல்லாருக்கும் சொல்லலாமா? சுத்தி செய்யாத ரசத்தை எவனோ புடம் போட்டு எவனுக்கோ கொடுத்தால் உயிர் போகும். வர்மம் தெரிந்த ஆசான் கண்டவனுக்கும் அடிக்கும் இடத்தைக் காட்டமாட்டார். பரிபாஷை என்ற மறைமொழியில் எழுதி, கைபாகம் செய்பாகத்தைக் குருமுகமாகவே கற்பிக்க வேண்டும் என்று வைத்ததில் நியாயம் இருக்கிறது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அதே பரிபாஷை இன்னொரு ஆபத்தையும் உண்டாக்கியது. ஒரே பெயர் பல மூலிகைக்கும், பல பெயர் ஒரே சரக்குக்கும் நின்றதால், குரு இல்லாமல் ஏடு மட்டும் கைக்கு வந்தவர் நஞ்சை மருந்தென்று படிக்க வழி இருந்தது. டி.வி.சாம்பசிவம் பிள்ளை தம் வாழ்நாளைக் கொட்டிச் சித்த மருத்துவ அகராதி தொகுத்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்துக்குள் சித்த மருந்துகள் கொண்டுவரப்பட்டதும் அந்த ஆண்டுத் திருத்தத்தால்தான். அதன் முதல் அட்டவணையில் போகர் 700, புலிப்பாணி 500 எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட நூல்களாக நிற்கின்றன. வைத்தியர் வீட்டுப் பெட்டியில் கிடந்த பெயர்கள் நாட்டின் சட்டத்தில் ஏறின. கற்பித்தல் வகுப்பறைக்கும் மருத்துவமனைக்கும் வந்த பிறகும், கைப்பழக்கம் ஒருவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டியதாகவே இருக்கிறது. ஏட்டைத் திறந்தால் குரு தேவையற்றுப் போவார் என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை.

இன்னொரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தகுதி பார்த்துக் கொடுத்தார்கள் என்கிறோமே, அந்தத் தகுதியில் சாதி எவ்வளவு? நம்மாழ்வார் வேளாளர் குடி; அந்தணரான மதுரகவி அவரைக் குருவாகக் கொண்டார். மரபின் ஊற்றிலேயே சாதி வரிசை தலைகீழாகிறது, வைணவர்கள் இதைப் பெருமையோடு சொல்வதும் நியாயமே. ஆனால் மாமுனிகள் ஈட்டைத் திறந்துவைத்த அதே சபை கோயிலுக்குள் இருந்தது. அந்தக் கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு உரை ஓராண் வழியில் போனதும் ஒன்றுதான், ஓராண்டு விரித்துரைக்கப்பட்டதும் ஒன்றுதான். 1939-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வரும்வரை திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதி மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது மறைபொருள் அல்ல, கோயில் வாசல். மறைஞானம் பற்றிப் பேசுகிற நூல்கள் இந்தப் பெரிய பூட்டைக் குறிப்பிடாமலே ஆயிரம் பக்கம் எழுதிவிடுகின்றன. தகுதி என்ற சொல் எங்கே பயிற்சியைக் குறிக்கிறது, எங்கே பிறப்பைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு மரபிலும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இன்றும் ஒரு ஏடு பாதி பூட்டியபடி இந்தக் கரையில் இருக்கிறது. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், மேல்கோட்டை என்ற ஊர்களோடு ஆழ்வார்திருநகரியிலும் அரையர் சேவை பிழைத்திருக்கிறது. மார்கழி அத்யயன உற்சவத்தில் குல்லாய் தரித்து, கைத்தாளம் ஏந்தி, பாசுரத்தை இசைத்து, அபிநயம் பிடித்து, தம்பிரான்படி என்ற உரையை அரையர் சொல்கிறார். பாசுரம் அச்சில் இருக்கிறது, ஈடும் இருக்கிறது. எந்த அடிக்கு எந்தக் கை, எங்கே தாளம் நிற்கும், உரையை எந்த ராகத்தில் இழுப்பது என்பதெல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிற பாடம். முன்பு அஞ்சியது களவுக்கு. இப்போது அஞ்ச வேண்டியது வாரிசின்மைக்கு. வேலை தேடி வெளியூர் போகிற மகனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அரையர் குடும்பங்கள் மனம் ஒப்பி, தங்கள் நிபந்தனைகளைத் தாங்களே வகுத்து, ஓர் உற்சவம் முழுவதையும் ஒலியும் ஒளியுமாகப் பதிந்து, தம்பிரான்படி ஏடுகளையும் படியெடுத்துவைக்க இது நல்ல தருணம். கோயில் நிர்வாகமும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தால் ஒரு மார்கழிக்குள் முடியும் வேலை. பதிவை யார் பார்க்கலாம், யார் ஆடலாம் என்ற உரிமை அவர்களிடமே இருக்கட்டும். நாலூராச்சான் பிள்ளை திருவாய்மொழிப் பிள்ளைக்கு ஈட்டைச் சொன்னபோது தம்மிடமிருந்து எதுவும் குறைந்துபோகும் என்று நினைத்ததாக எந்தக் குருபரம்பரையும் எழுதவில்லை.