வாடகை வீட்டில் மலர்ச்செடிகள்

கரமனையில் பதினொரு ஆண்டுகள் குடியிருந்த வீட்டை விட்டு நாங்கள் வெளியேறிய நாளில் பண்டபாத்திரங்கள் யாவும் வண்டியில் ஏறின. என் அன்னையார் வளர்த்த பிச்சிக்கொடி மட்டும் ஏறவில்லை. கிணற்றடியில் வேரூன்றிக் கூரைவரை படர்ந்துவிட்ட கொடியை எவ்வாறு பெயர்த்துக் கொணர்வது? சில திங்கள் கழித்து அத்தெரு வழியே சென்றபோது பார்த்தோம். கொடியும் இல்லை, பந்தலும் இல்லை. அவ்விடத்தில் சிமெண்டுத் தளம் பாவிக் கார் நிறுத்தியிருந்தார்கள். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. வீடு திரும்பிய பின், “பிறர் மண்ணில் இனி ஒரு செடியும் வைக்கமாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கும் இந்த அனுபவம் புதிதன்று. கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்வோர் இருக்கிறார்கள். ஆனால் அலுவல் நிமித்தமாகவும் வாணிபத்தின் பொருட்டும் பின்னர் வந்தவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் வாடகை வீடு, அல்லது அடுக்குமாடியில் ஒரு பகுதி. அங்கே முற்றம் இல்லை. ஒரு பிடி மண்ணும் நமதில்லை. இந்நிலையில் இல்லத்தை மலரால் அழகு செய்வது எங்ஙனம்? மண்ணே வேண்டாத செடிகளை நாடுவதே வழி. அயல்நாட்டு மலர்களில் ஆர்க்கிட் அத்தகையது. ஆந்தூரியத்திற்கும் சிறிய சட்டி ஒன்று போதும்.

பெரியவர்கள் சிலர் உடனே மறுப்பார்கள் என்பதை அறிவேன். எங்கள் வீட்டிலும் அதுவே நிகழ்ந்தது. “மணம் இல்லை, தலையில் சூட இயலாது, சாமிக்குச் சாத்தும் வழக்கமும் இல்லை, இது என்ன பூ?” என்று அன்னையார் கேட்டார். மணத்தைப் பற்றிய குறை உண்மையே. கடைகளில் கிடைக்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மணமற்றவை. பிச்சிக்கு ஈடாக அவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் அயல்நாட்டுப் பூ என்பதனால் மட்டும் ஒதுக்கத் தொடங்கினால் நம் பூக்கூடையில் எவ்வளவு மிஞ்சும் என்பது ஐயமே. மணமாலையில் தொடுக்கும் நிலச்சம்பங்கி மெக்சிகோ நாட்டிற்குரியது. ஓணக் காலத்தில் தோவாளைச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக இந்நகருக்கு வரும் செண்டுமல்லியின் பூர்வீகமும் அதுவே. சிவன் கோயில்களில் போற்றப்படும் நாகலிங்கமரமோ தென்னமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. மதில்தோறும் படர்ந்து நிற்கும் காகிதப்பூவை 1767-ஆம் ஆண்டில் பிரேசில் கரையில் கொம்மெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் சேகரித்து, தம் கப்பல் தலைவரான பூகன்வில்லின் பெயரை அதற்கு அளித்தார்.

ஆர்க்கிட்டையோ முற்றிலும் அயலது என்று சொல்வதும் பொருந்தாது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் இந்தியாவில் உள்ளன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களிலும் பல இனங்கள் தொற்றி வளர்கின்றன. கேரளப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய ஆபிரகாம் அவர்கள் இம்மலர்களை ஆராய்வதில் ஈடுபட்டவர். 1979-இல் பாலோட்டில் அரசு வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தை நிறுவியபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவரும் அவரே. தென்னிந்திய ஆர்க்கிட்டுகளைப் பற்றி வத்சலா அவர்களுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தது. நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தோட்டம் இன்று ஜவாஹர்லால் நேரு பெயரைத் தாங்கி நிற்கிறது. விடுமுறை நாளொன்றில் குழந்தைகளுடன் சென்று காணத்தக்க இடம். நாங்கள் சென்றபோதுதான், ஆர்க்கிட் ஒட்டுண்ணி அன்று என்பதை என் அன்னையார் தெரிந்துகொண்டார். மரத்தை அது பற்றிக்கொள்ளுமேயன்றி அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. “அப்படியானால் இதுவும் வாடகைக்கு இருப்பதுதான்” என்றார் அவர். அன்று மாலை திரும்பும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணையில் இரண்டு செடிகள் வாங்கினோம்.

புதிதாகத் தொடங்குவோர் டெண்ட்ரோபியம் என்னும் வகையை வாங்குவதே நலம். இந்நகரின் வெப்பமும் ஈரமும் அதற்கு இயல்பாகவே ஒத்துப்போகின்றன. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறிப் பொழிவதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை கிட்டுகிறது. உறைபனி என்ற பேச்சே இல்லை. மேலைநாட்டார் கண்ணாடி வீடு கட்டி, நீராவி பாய்ச்சி உண்டாக்கும் சூழல் நமக்கு மாடித் தாழ்வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது.

வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். பக்கங்களில் துளையுள்ள மண்சட்டியில் கரிக்கட்டைகளையும் ஓட்டுத்துண்டுகளையும் நிரப்பி, செடியை அசையாதவாறு நிறுத்திக் கட்டவேண்டும். மண் சிறிதும் கூடாது. தேங்காய் மட்டையை, அதாவது நாஞ்சில் நாட்டார் தொண்டு என்று கூறுவதை, ஓரிரு துண்டு சேர்க்கலாம். ஆனால் அதன் துவர்ப்பு நீங்கும்வரை சில நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே சேர்க்கவேண்டும். மட்டையை மட்டுமே நிரப்பினால் இவ்வூர் அடைமழையில் அது அழுகி வேரையும் கெடுத்துவிடும். எங்கள் முதல் செடி அவ்வாறுதான் மாண்டது.

ஆர்க்கிட்டின் வேரைக் கவனித்துப் பாருங்கள். பஞ்சு போன்ற வெண்ணிற உறையொன்று அதனைச் சூழ்ந்திருக்கும். நீர் பட்டவுடன் அவ்வுறை ஈரத்தை ஈர்த்துப் பச்சையாகத் தோன்றும். உலர்ந்தால் மீண்டும் வெளுக்கும். நீர் ஊற்றவேண்டிய வேளையை அறிய இதைவிட எளிய குறிப்பு வேண்டியதில்லை. காலையில் ஊற்றினால் இரவுக்குள் உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் சாரல் நேரே தாக்காத இடத்திற்குச் சட்டிகளை நகர்த்திவிடுவது நல்லது.

“இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை” என்பது நான் அடிக்கடி கேட்கும் முறையீடு. பெரும்பாலும் ஒளிக்குறைவே காரணமாகும். கரும்பச்சை இலை கண்ணுக்கு இனிதாயினும் செடி நிழலில் வாடுகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. இளம்பச்சையாக மாறும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். பாதி நிழலும் பாதி வெயிலும் விழுமாறு கிழக்குப் பக்கத்துக் கம்பி அழியில் தொங்கவிடுவது பொருத்தம். நண்பகல் வெயில் நேரே பட்டால் இலை கருகும். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, இருபது பங்கு நீர் கலந்து வாரம் ஒரு முறை விடலாம். இலையுதிர்ந்த பழைய தண்டுகளை ‘பட்டுப்போயின’ என்று வெட்டி எறியாதீர்கள். செடியின் உணவுச் சேமிப்பு அவற்றில்தான் உள்ளது. சில சமயம் அத்தண்டின் மேற்கணுவில் வேருடன் ஒரு குட்டி தோன்றும். அதனை மெல்லப் பிரித்து வேறு சட்டியில் வைத்து நண்பர்க்கு அளிக்கலாம்.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு மற்றொரு செய்தி. அந்நாட்டின் தேசிய மலரும் ஓர் ஆர்க்கிட்டே. 1893-இல் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் அறியப்பட்டு அவர் பெயராலேயே வழங்கும் அக்கலப்பின மலரை 1981-இல் தேசிய மலராக அறிவித்தார்கள். எங்கோ ஓர் அரண்மனையில் அன்று, ஒரு பெண்மணியின் வீட்டுத் தோட்டத்தில் தோன்றியது என்பதை என் அன்னையார் வருவோர்க்கெல்லாம் கூறுவார்.

ஆந்தூரியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலம்பியா, ஈகுவடார் நாடுகளின் ஈரக் காடுகளுக்குரிய இச்செடியை 1876-இல் எதுவார் ஆந்த்ரே என்னும் பிரெஞ்சுக்காரர் ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்றார். மெருகிட்டாற்போன்ற சிவந்த பகுதி உண்மையில் பூவன்று, மாறிய இலை. நடுவே நீண்டிருக்கும் கதிரில்தான் நுண்ணிய பூக்கள் உள்ளன. நம் சேம்பிற்கும் சேனைக்கும் இது உறவு என்றால் வியப்பாக இருக்கும்! நிழலை மிகவும் விரும்புவதால் வெயில் எட்டாத வடக்குத் தாழ்வாரத்திற்கு ஏற்றது. கொய்து குவளையில் வைத்தால் இரண்டு வாரத்திற்குக் குறையாமல் வாடாது நிற்கும்.

இனி, எச்சரிக்கையாகச் சொல்லவேண்டியவை சில உண்டு. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஆந்தூரியத்தையும், வரவேற்பறைகளில் இலையழகுக்காக வைக்கும் டிஃபன்பேக்கியாவையும் குழந்தை கடித்துவிட்டால் நாவும் தொண்டையும் எரிந்து வீங்கும். அவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். அரளி இன்னும் கொடியது. இலையும் பூவும் தண்டும் யாவும் நஞ்சு. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதற்குத் தடை விதித்ததை அன்பர்கள் அறிவார்கள்.

சட்டிக்கடியில் வைக்கும் தட்டுகளில் தேங்கும் தெளிந்த நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆதலின் தட்டுகளை வாரம் தவறாமல் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தொங்கும் சட்டிகளுக்குத் தட்டே வேண்டாம். காட்டு ஆர்க்கிட் என்று சொல்லி வழியோரத்தில் விற்பவரிடம் வாங்குவதும் தகாது. காட்டிலிருந்து இசைவின்றிப் பறிப்பது சட்டத்திற்குப் புறம்பானது. அவ்வாறு பறித்த செடி வீட்டில் பிழைப்பதும் அரிது. அழகிய ஊதாப் பூவுக்காக நம் நாட்டிற்குக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை இன்று ஆக்குளம் காயலை மூடிக்கிடப்பதைப் பேருந்தில் செல்வோர் காணலாம். வேண்டாத நீர்ச்செடியை ஓடையில் எறிவது அத்தகைய தீங்கிற்கு வழி செய்யும்.

சென்ற சித்திரையில் மீண்டும் வீடு மாறினோம். இம்முறை பதினான்கு சட்டிகளும் வண்டியில் ஏறின. டெண்ட்ரோபியம் இரண்டினை அன்னையார் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இடமாற்றம் தாங்காமல் மொட்டுகளெல்லாம் உதிர்ந்தன. இரண்டு திங்கள் இலையும் தளர்ந்திருந்தது. ஆவணியில் மூன்று கதிர்கள் எழுந்தன. தலையில் சூட அவர் இன்றும் தோவாளைப் பிச்சியையே வாங்குகிறார். ஆனால் கீழ்வீட்டு மலையாள அம்மையார் ஒரு குட்டி கேட்டபோது, எதைப் பிரிப்பது என்று தீர்மானிக்க அவருக்கு நான்கு நாள் ஆயிற்று.